ஏவுகணையோடு முடியாத படம்: 1980-ன் 'வைரஸ்' பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது: "கொள்ளைநோய்ப் படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது 1980-ல் வந்த 'வைரஸ்' என்ற ஜப்பானியப் படம் கிடைத்தது. உலகமே செத்துப்போய், அண்டார்க்டிகாவில் மட்டும் சில நூறு பேர் மிஞ்சுகிறார்கள். கடைசியில் அணு ஏவுகணைகள் பாய்கின்றன, படம் அப்படியே நின்றுவிட்டது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லையா? இப்படி ஒரு கிருமி வர முடியுமா? இத்தனை பெரிய நடிகர்கள் இருந்தும் இந்தப் படத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?"

பிழைக்கிறார்கள். நீங்கள் பார்த்தது வெளிநாட்டுச் சந்தைக்காக வெட்டிக் குறுக்கிய பிரதி. அப்படி 108 நிமிடத்துக்கு ஒன்று உண்டு, அதைவிடச் சின்னதும் உண்டு. 1980 ஜூன் 28 அன்று ஜப்பானில் தியேட்டர்களுக்கு வந்த முழுப் படம் 156 நிமிடம். அங்கே அதற்குப் பெயர் 'ஃபுக்கட்சு நோ ஹி', உயிர்த்தெழும் நாள்.

முழுப் படத்தில் ஏவுகணைகளுக்குப் பிறகும் கதை போகிறது. வாஷிங்டனில் நிலத்தடி அறையில் சிக்கிக்கொண்ட யோஷிசுமி என்ற ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் உயிரோடு வெளியே வருகிறார். அங்கிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரை, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல், தன்னந்தனியாக ஆண்டுக்கணக்கில் நடக்கிறார். வழியில் மாச்சு பிச்சுவின் இடிபாடுகளைக் கடக்கிறார். எலும்புக்கூடுகள் கிடக்கும் ஒரு தேவாலயத்துக்குள் நுழைந்து அவற்றோடும் சிலுவையில் இருப்பவரோடும் பேசுகிறார். கடைசியில், ஏவுகணை விழுவதற்கு முன்பே அண்டார்க்டிகாவிலிருந்து கப்பலேறித் தப்பித்த ஒரு சின்னக் கூட்டம் கடற்கரையோரம் குடியிருப்பதைக் கண்டுபிடிக்கிறார். வாஷிங்டனுக்குப் புறப்படும் முன் அவருக்குப் போட்டுவிட்ட சோதனைத் தடுப்பூசி வேலை செய்திருக்கிறது. அவ்வளவுதான் முடிவு. கொண்டாட்டம் எதுவும் கிடையாது. தாடியும் கந்தலுமாக ஒரு ஆள் தள்ளாடி வருகிறார், சிலர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

வெட்டிய பிரதிதான் அதிக இருட்டு, முழுப் பிரதி கடைசியில் கொஞ்சம் வெளிச்சம் காட்டிச் சமாதானப்படுத்துகிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. வெட்டியவர்கள் எடுத்தது கடைசி நடையை மட்டுமா? டோக்கியோ பகுதியிலும் நிறையக் கத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் குறுகிய பிரதியில் கோடிக்கணக்கானவர்கள் சாவது வெறும் செய்தியாகப் போய்விடுகிறது. முழுப் பிரதியில் அது ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு நர்ஸின் முகத்தில், பக்கத்துவீட்டுக் குழந்தையின் கையில் நடக்கிறது. முடிவில் சிலர் உயிரோடு இருப்பது அந்தப் பாரத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே பேச முடியும். 1982 பிப்ரவரியில் எம்.எம்.-88 என்ற கிருமி ஆயுதம் கிழக்கு ஜெர்மனியில் கைமாறுகிறது. அதை ஏற்றிச் செல்லும் சிறு விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதி நொறுங்குகிறது. உறைபனி இருக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. வசந்தம் வந்து பனி உருகியதும் தொடங்குகிறது. இத்தாலியில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். உலகம் அதற்கு 'இத்தாலிய ஃப்ளூ' என்று பெயர் வைக்கிறது. சில மாதங்களில் முதுகெலும்புள்ள உயிர் அத்தனையும் போய்ச் சேருகிறது. அந்தக் கிருமி மிகக் குளிரில் செயல்படாது என்பதால் அண்டார்க்டிகாவின் ஆய்வு நிலையங்களில் இருப்பவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள்: 855 ஆண்கள், 8 பெண்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா பயணக்குழு, சையது ஜாஹூர் காசிம் தலைமையில், அந்தப் பனிக்கண்டத்தில் கால் வைத்தது 1982 ஜனவரியில்தான். பிப்ரவரியில் கோவா திரும்பிவிட்டார்கள். அங்கே நமக்கென்று ஒரு நிலையம், தட்சிண கங்கோத்ரி, வந்தது அதற்குப் பின்னால். படத்தின் நாட்காட்டிப்படி பார்த்தால் நம் ஆட்கள் சரியாகச் சாவதற்கு நேரத்தோடு வீடு வந்து சேர்ந்திருப்பார்கள்.

இயக்குநர் கிஞ்சி ஃபுகசாகு. யாகூசா எனப்படும் ஜப்பானிய ரௌடிக் கும்பல்களைப் பற்றிய படங்களால் பெயர் வாங்கியவர். 'பேட்டில் ராயல்' எடுத்தவர் என்றால் பலருக்கு உடனே பிடிபடும். 1930-ல் மிட்டோ நகரில் பிறந்தவர். போர்க்காலத்தில் பள்ளி மாணவர்களை ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள், அதில் இவரும் ஒருவர். 1945-ல் கடலிலிருந்து நடந்த பீரங்கித் தாக்குதலில் கூட வேலை பார்த்த பையன்கள் செத்தார்கள். சிதறிக் கிடந்த உடல்களைப் பொறுக்கி அடுக்கும் வேலை உயிர் தப்பிய பதினைந்து வயதுப் பையன்கள் தலையில் விழுந்தது. இதை அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தப் படத்தில் பிணங்களைக் காட்டும் விதத்தைக் கவனித்தால் இது தெரியும். பயமுறுத்துவதற்காக எதையும் நெருக்கத்தில் காட்டுவதில்லை. குவிக்கிறார்கள், எரிக்கிறார்கள், அடுத்த வண்டி வருகிறது. பிணம் அங்கே ஒரு வேலை, யாராவது செய்து முடித்தாக வேண்டிய வேலை.

டோக்கியோ ஆஸ்பத்திரிக் காட்சிகளை கோவிட் காலத்துக்கு முன்பு பார்த்தவர்கள் 'நீளம்' என்று குறை சொன்னார்கள். இப்போது யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மருத்துவர்கள் தூங்காமல் நிற்கிறார்கள், வராந்தாவில் நடக்க இடம் இல்லை, மருந்து தீர்கிறது, பார்த்துக்கொண்டிருந்த மருத்துவரே படுக்கையில் விழுகிறார். கென் ஒகாட்டா நடித்த மூத்த மருத்துவருக்கு நோய் என்னவென்றுகூடத் தெரிவதில்லை. ஃப்ளூ என்று நினைத்து ஃப்ளூவுக்கான வைத்தியத்தைச் செய்துகொண்டே இருக்கிறார், அது ஃப்ளூவாகவும் இல்லை. அங்கே வேலை செய்யும் நர்ஸ் நோரிகோ, அண்டார்க்டிகாவில் இருக்கும் யோஷிசுமியின் காதலி. கடைசியில் அவள், அதே பனிக்கண்டத்தில் இருக்கும் இன்னொருவரின் மகனான சிறுவனை அழைத்துக்கொண்டு ஒரு மோட்டார் படகில் ஏறுகிறாள். அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்கிறாள். கையில் மாத்திரைகள். படகு திறந்த கடலை நோக்கிப் போகிறது. இசை இருக்கிறது, அழுகை இல்லை.

இன்னொரு காட்சி இருக்கிறது, இந்த வகைப் படங்களில் எனக்குத் தெரிந்து இதைவிடக் கொடூரமானது இல்லை. ஜப்பானிய நிலையத்தின் ரேடியோவில் ஒரு குழந்தையின் குரல் கேட்கிறது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு சின்னப் பையன், ஹாம் ரேடியோ மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுகிறான். யாராவது இருக்கிறீர்களா என்கிறான். பொத்தானை விட்டால்தான் எதிர்முனை பேசுவது கேட்கும் என்று அவனுக்குத் தெரியாது. இங்கே அத்தனை பேரும் மைக்கைச் சுற்றி நின்று, பொத்தானை விடு, கையை எடு என்று கத்துகிறார்கள். அவனுக்கு ஒன்றும் கேட்பதில்லை. ஒருவரும் பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறான். அப்பாவின் துப்பாக்கி பக்கத்தில் இருக்கிறது. பிறகு வெடிச்சத்தம். ஹாம் ரேடியோ, வாக்கி டாக்கி எதையாவது கையாண்டவர்களுக்கு இந்தக் காட்சி இரட்டிப்பாக வலிக்கும். அந்தக் கருவி உண்மையிலேயே அப்படித்தான்: ஒரு நேரத்தில் பேசலாம் அல்லது கேட்கலாம்.

சரி, கிருமிக்கு வருவோம். எம்.எம்.-88 என்ன செய்கிறது என்று படம் சொல்வது இவ்வளவுதான்: அது தானாக நோய் தராமல், உடலில் இருக்கும் வேறு வைரஸ்களோடு சேர்ந்து அவற்றின் வீரியத்தைப் பல மடங்காக்குகிறது. அதனால் மருத்துவர்கள் கண்ணுக்கு ஃப்ளூவாகவே தெரிகிறது. கேட்கக் கற்பனை போலிருக்கும். ஆனால் இதற்கு நிஜத்தில் ஒரு உறவுக்காரன் உண்டு: ஹெபடைட்டிஸ் டி என்ற கல்லீரல் வைரஸ். தனியாக அது தொற்றிப் பெருக முடியாது. ஹெபடைட்டிஸ் பி ஏற்கெனவே இருக்க வேண்டும், அதன் உறையை இரவல் வாங்கித்தான் பரவும். இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் மிக வேகமாகக் கெடும். அதை 1977-ல் கண்டுபிடித்தவர் மரியோ ரிசெட்டோ, இத்தாலியின் டுரின் நகரத்தில். படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சக்யோ கொமாட்சு மூல நாவலை எழுதியது 1964-ல். ஆனால் துணைக்கு ஒரு கிருமி வந்து நோயை மோசமாக்கும் என்ற எண்ணம் வெறும் கதையல்ல. உலகம் முழுக்கப் பரவிய 1918 ஃப்ளூவிலேயே செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வைரஸுக்குப் பின்னால் நுரையீரலில் புகுந்த பாக்டீரியா நிமோனியாதான்.

நம்ப முடியாதது எது என்றால், எல்லோரும் சாவது. நூற்றுக்கு நூறு கொல்லும் நோய் இருக்கிறது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் கிட்டத்தட்ட யாரும் தப்புவதில்லை, ஆனால் அது ஆளிடமிருந்து ஆளுக்குக் காற்றில் பரவாது. வேகமாகப் பரவும் நோய்களும் இருக்கின்றன, அவை பெரும்பாலானவர்களைக் கொல்வதில்லை. இரண்டும் ஒன்றாக அமைந்த ஒரு உண்மைக் கதை ஆஸ்திரேலிய முயல்களுடையது. பயிரைத் தின்று தீர்த்த முயல்களை ஒழிக்க 1950-ல் மிக்சோமா வைரஸை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டார்கள். தொடக்கத்தில் தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கும் மேல் செத்தன. சில ஆண்டுகளிலேயே இரண்டு மாற்றம் வந்தது: முயலை மெதுவாகக் கொல்லும் வைரஸ் வகைகள் அதிகம் பரவின, ஏனென்றால் நோயோடு நாள்பட உயிருடன் கிடக்கும் முயலைத்தான் கொசு கடித்து அடுத்ததற்குக் கொண்டுபோக முடியும். கூடவே, தாக்குப்பிடிக்கும் முயல்களின் குட்டிகள் பெருகின. ஆஸ்திரேலியாவில் இன்றும் முயல் இருக்கிறது. மனிதர்களும் இந்த மாதிரித்தான் சின்னாபின்னமாகி மிஞ்சுவார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் துடைத்தெடுப்பது ஒரு கிருமிக்கு எவ்வளவு கடினம் என்பது இதில் தெரிகிறது.

குளிர் விஷயத்தில் படம் உண்மையைத் தலைகீழாக்கிவிட்டது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, பாதுகாக்கிறது. ஆய்வகங்களில் வைரஸ்களை மைனஸ் 80 டிகிரியில்தான் வைக்கிறார்கள். 1918 ஃப்ளூவின் மரபணு எச்சத்தை யோஹான் ஹல்டின் எடுத்தது அலாஸ்காவில், ப்ரெவிக் மிஷன் என்ற ஊரின் உறைமண்ணில் புதைத்த உடல் ஒன்றின் நுரையீரலிலிருந்து, 1997-ல். படத்துக்காகச் சொல்ல வேண்டுமென்றால், எம்.எம்.-88 குளிரில் சாவதாகக் கதையே சொல்லவில்லை, தூங்குகிறது என்றுதான் சொல்கிறது. ஆல்ப்ஸ் பனியில் காத்திருந்ததும் அதனால்தான். ஆனால் ஆய்வு நிலையத்துக்குள் ஹீட்டர் ஓடுகிறது. மனித நுரையீரல் அண்டார்க்டிகாவிலும் 37 டிகிரிதான்.

அந்த 863 பேரைக் காப்பாற்றியிருக்கக் கூடியது தூரமும் தனிமையுமே தவிர வெப்பநிலை அல்ல. தனிமையும் முழுக் காப்பல்ல. 1969-ல் பிரிட்டிஷ் நிலையம் ஒன்றில், வெளி ஆள் யாரும் வராமல் 17 வாரம் கழிந்த பிறகு, 12 பேரில் 6 பேருக்கு ஜலதோஷம் வந்தது. எங்கிருந்து வந்ததென்று தேடியும் பிடிபடவில்லை. கோவிட் பனிக்கண்டத்தை அடைய 2020 டிசம்பர் ஆனது. சிலியின் ஓ'ஹிகின்ஸ் தளத்தில் 36 பேருக்குத் தொற்று. அப்புறம் பறவைக் காய்ச்சல். 2024 தொடக்கத்தில் அது அண்டார்க்டிகப் பெருநிலத்து ஸ்கூவா பறவைகளிடம் உறுதியானது. படத்தில் பென்குவின்களைக் காட்டி உயிர் மிச்சமிருக்கிறது என்பார்கள். இப்போது பார்த்தால் அந்தக் காட்சி அப்படி ஆறுதல் தரவில்லை.

தனிமைப்படுத்தல் பற்றிப் படம் எடுக்கும் முடிவு ஒன்று இருக்கிறது, அதில் மட்டும் அது அறிவியலோடு சரியாக நிற்கிறது. நோயாளிகளோடு வரும் ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் கரையேற அனுமதி கேட்கிறது. அண்டார்க்டிகாவில் இருக்கும் சோவியத் அதிகாரியே முடியாது என்கிறார். கப்பல் கேட்காமல் வருகிறது. 'நெரீட்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதை மூழ்கடிக்கிறது. கடலுக்கடியிலேயே இருந்ததால் நெரீடில் யாருக்கும் தொற்று இல்லை, அதற்கு மட்டும் இடம் கிடைக்கிறது. இரக்கமற்ற காட்சிதான். 1918 ஃப்ளூவின்போது பசிபிக் தீவுகளான சமோவாவில் நடந்ததை வைத்துப் பாருங்கள். 'தலூன்' என்ற கப்பல் நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து நோயோடு மேற்கு சமோவாவுக்கு வந்தது, இறங்க விட்டார்கள், மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்துப்போனார்கள். பக்கத்து அமெரிக்க சமோவாவின் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அங்கே ஃப்ளூவால் ஒரு சாவும் இல்லை. போயர் யார் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

படம் வெளிவந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். 1980 மே 8 அன்று உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. ஏழு வாரம் கழித்து இந்தப் படம் ரிலீஸ். பெரியம்மையின் கடைசி இயற்கைத் தொற்று 1977-ல் சோமாலியாவில். ஆனால் அதற்கடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு பெண் அதனாலேயே செத்தார். அவர் வேலை பார்த்த தளத்துக்குக் கீழே இருந்த தளத்தில் பெரியம்மை ஆய்வகம் இருந்தது. 1979 ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் ராணுவ ஆய்வகத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கசிந்து குறைந்தது 66 பேர் செத்தார்கள். கெட்டுப்போன இறைச்சி என்று அரசு சாதித்தது. 1992-ல்தான் போரிஸ் யெல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். உயிரி ஆயுதங்களைத் தடை செய்யும் ஒப்பந்தம் 1975-லேயே அமலுக்கு வந்துவிட்டது, அதில் சோவியத்தும் கையெழுத்துப் போட்டிருந்தது. ஆகவே ஆய்வகக் கிருமி ஒன்று தவறிப்போய் வெளியே வருவது அன்றைய பார்வையாளருக்குக் கட்டுக்கதையாக இருந்திருக்காது.

பலரும் கிண்டல் செய்வது இரண்டாம் பாதியை. நோயில் எல்லோரும் செத்த பிறகு, வாஷிங்டன் பக்கம் ஒரு நிலநடுக்கம் வரப்போவதாக யோஷிசுமி கணிக்கிறார். அதை அணுகுண்டுத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் தானியங்கி ஏவுகணை அமைப்பு தானே சுட்டுவிடும். சோவியத் பக்கமும் அப்படி ஒன்று இருக்கிறது, அது பதிலுக்குச் சுடும். அதில் ஒரு ஏவுகணை அண்டார்க்டிகாவின் பாமர் நிலையத்தைக் குறிவைத்திருக்கிறது. சாவதற்கு முன் அமைப்பை முடுக்கிவிட்டுச் சாகும் ஜெனரலாக ஹென்றி சில்வா, கண்ணை உருட்டிக்கொண்டு நடித்திருப்பார். அதை நிறுத்தத்தான் யோஷிசுமியும் போ ஸ்வென்சன் நடித்த மேஜர் கார்ட்டரும் நோய் பரவிய நகரத்துக்குள் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தவறவிடுகிறார்கள்.

சிரிக்க வேண்டியதில்லை. சோவியத்தின் 'பெரிமீட்டர்' அமைப்பு, தலைமை அழிந்தாலும் பதிலடி கொடுக்க வைத்திருந்தது, 1985-ல் நிஜமாகவே செயலுக்கு வந்தது. கடைசிப் பொத்தானுக்கு நிலத்தடியில் சில ஆட்களை வைத்திருந்தார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். படம் வெளிவந்த அதே 1980 ஜூனில், 3-ஆம் தேதியும் 6-ஆம் தேதியும், அமெரிக்க எச்சரிக்கை மையத் திரைகளில் இல்லாத ஏவுகணைகள் வருவதாகக் காட்டின. காரணம், பழுதான ஒரு கணினிச் சிப். விலை 46 சென்ட். அப்புறம் வாஷிங்டனுக்கு நிலநடுக்கமா என்று கேட்பவர்களுக்கு: 2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவில் 5.8 அளவில் வந்த ஒன்று வாஷிங்டன் நினைவுத்தூணில் விரிசல் விட வைத்தது. எண்ணெய் எடுப்பதால் நிலம் அசையும் என்ற யோஷிசுமியின் விளக்கமும் காற்றில் பிறந்ததல்ல. 1960-களில் டென்வர் அருகே ராணுவ ஆலை ஒன்றின் கழிவுநீரை ஆழ்கிணற்றில் செலுத்தியபோது வரிசையாக நிலநடுக்கங்கள் வந்தன.

எனக்கு இந்தப் பகுதி பிடிக்கக் காரணம் வேறு. பகை வைத்திருந்த இரண்டு தரப்பும் செத்துவிட்டது. பாமரில் அமெரிக்கரும் ரஷ்யரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சோறு தின்கிறார்கள். ஆள் இல்லாத இரண்டு நகரங்களில் இயந்திரங்கள் மட்டும் சண்டையைத் தொடர்கின்றன, குத்தகைக்காரனும் நிலக்காரனும் செத்த பிறகும் கோர்ட்டில் நடக்கும் வழக்கு மாதிரி. கொள்ளைநோய்ப் படம் ஒன்றில் உலகம் இரண்டாவது முறை அழிவது தேவையா என்று கேட்கலாம். முதல் அழிவு விபத்து, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாது. இரண்டாவதுதான் உருப்படியாகக் கோபப்பட வைக்கிறது.

குறைகளும் உண்டு, பெரிய குறைகள். 855 ஆண்களுக்கு 8 பெண்கள் என்ற கணக்கைப் படம் எப்படிக் கையாள்கிறது என்பது இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கும். பாலியல் வன்முறை ஒன்று நடந்த பிறகு, இனம் தழைக்க வேண்டும் என்று சொல்லி, பெண்கள் ஒருவருக்கு மேற்பட்டவர்களோடு இருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டு முடிவெடுக்கிறார்கள். பெண்கள் தரப்பிலும் தலையாட்ட வைக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்கப் படத்துக்கு நேரம் இல்லை. ஒலிவியா ஹஸ்ஸி நடித்த மாரிட்டின் பாத்திரம் இதில் நன்றாக வந்திருக்க வேண்டியது, பாதியிலேயே நின்றுபோகிறது. வெள்ளை மாளிகைக் காட்சிகளில் க்ளென் ஃபோர்டும் ராபர்ட் வாகனும் சாகும் தறுவாயிலும் மேடை நாடகம் போடுகிறார்கள். பிரிட்டிஷ் நீர்மூழ்கியின் கேப்டனாக வரும் சக் கானர்ஸ் பேச வாயைத் திறந்தால் ஒரு பிரிட்டிஷ்காரரும் வெளியே வருவதில்லை.

இனி கடைசிக் கேள்வி, ஏன் யாருக்கும் தெரியவில்லை. தயாரிப்பாளர் ஹருகி கடோகவா ஒரு பதிப்பாளர். 1976-லிருந்து படம் தயாரித்தார். புத்தகத்தையும் படத்தையும் ஒரே விளம்பரத்தில் விற்பது அவர் வழி, ஜப்பானில் அது பிரமாதமாக வேலை செய்தது. இந்தப் படத்தை உலகம் முழுக்க விற்கலாம் என்று கணக்குப் போட்டார். அதனால்தான் ஹாலிவுட் முகங்கள், ஜானிஸ் இயனின் ஆங்கிலப் பாட்டு, நிஜமான அண்டார்க்டிகாவில் படப்பிடிப்பு. சிலி, கனடா கடற்படைகளின் நீர்மூழ்கிகள் படத்தில் வருகின்றன. ஒளிப்பதிவாளர் டைசாகு கிமுரா எடுத்த பனிப்பாறைக் காட்சிகள் இன்றைய கணினி வரைகலையிடம் தோற்காது. படக்குழு போன 'லிண்ட்ப்ளாட் எக்ஸ்ப்ளோரர்' என்ற கப்பல் பாறையில் மோதி, சிலிக் கடற்படை வந்து மீட்க வேண்டியிருந்தது. அதே கப்பல், 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில், 2007 நவம்பரில் அண்டார்க்டிகக் கடலிலேயே மூழ்கிப்போனது, எல்லோரையும் காப்பாற்றிவிட்டார்கள்.

அதுவரை ஜப்பானில் யாரும் ஒரு படத்துக்கு அவ்வளவு செலவழித்ததில்லை. உள்ளூரில் கூட்டம் வந்தது, போட்ட பணத்துக்கு அது போதவில்லை. வெளிநாட்டை நம்பித்தான் மிச்சக் கணக்கு. அமெரிக்காவில் படத்தை முறையாகத் தியேட்டர்களுக்குக் கொண்டுபோக ஆள் அமையவில்லை. பிறகு கேபிளிலும் வீடியோவிலும், ஜப்பானியர் வரும் காட்சிகளில் பாதி காணாமல்போன பிரதியாக, மலிவு டிவிடி தொகுப்புகளில் பத்தோடு பதினொன்றாகச் சுற்றியது. கதாநாயகன் மசாவோ குசகாரியே அந்தப் பிரதிகளில் துணைநடிகர் மாதிரி இருப்பார். அப்படிப் பார்த்தவர்கள் பி-கிரேடு படம் என்று முடிவுகட்டியதில் ஆச்சரியம் இல்லை.

மறுபடி பார்க்க நினைத்தால் முதலில் நீளத்தைப் பாருங்கள். 156 நிமிடம் இருக்க வேண்டும். ஜப்பானியர்கள் ஜப்பானிய மொழியிலும் மற்றவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பேச, கீழே சப்டைட்டில் ஓட வேண்டும். எல்லோரும் ஆங்கில டப்பிங்கில் பேசினால் மூடிவிடுங்கள். கொமாட்சுவின் நாவல் 2012-ல் ஆங்கிலத்தில் வந்தது. கிருமி எப்படி வேலை செய்கிறது என்பதில் உங்களுக்கு ஆர்வம் இருப்பதால் அதைச் சொல்கிறேன். அதில் எம்.எம்.-88-ன் பூர்வீகம் படத்தில் உள்ளது போல இல்லை, அதன் வேலையைப் பற்றிய விளக்கமும் நீண்டு போகும். படத்தைப் பார்த்துவிட்டுப் படிப்பதே நல்லது.